உடற்பயிற்சி ஆய்வுகளுக்கு வரப் பெண்களுக்கு விருப்பம் குறைவா?

ஆய்வுகளில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு அவர்கள் முன்வராததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவில் பக்கம் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முதுகலை ஆய்வுக்கு ஆள் சேர்க்க நான் அலைந்ததை வைத்துச் சொல்கிறேன்.

எண்ணிக்கை குறைவு என்பது உண்மை. 2011 முதல் 2013 வரை மூன்று பெரிய விளையாட்டு மருத்துவ இதழ்களில் வந்த ஆய்வுகளை எண்ணியபோது, பங்கேற்றவர்களில் பெண்கள் 39 சதவீதம். 2014 முதல் 2020 வரை எண்ணிய வேறொரு குழுவுக்குக் கிடைத்தது 34 சதவீதம். பெண்களை மட்டும் வைத்து நடந்த ஆய்வுகள் நூற்றுக்கு ஆறுதான்.

விருப்பத்தில் வித்தியாசம் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொடைத் தசையில் ஊசி இறக்கித் துணுக்கு எடுப்பது, மூச்சு முட்ட ஓடவிடுவது போன்றவற்றுக்கு ஆண்கள் சீக்கிரம் சம்மதிக்கிறார்கள். ஆனால் எடை குறைப்பு ஆய்வு என்றால் பெண்கள்தான் அதிகம். அப்புறம், மாதவிடாய்ச் சுழற்சியைக் கணக்கில் எடுத்தால் வேலை கூடும் என்று ஆண்களை மட்டுமே சேர்த்த ஆய்வுகளும் நிறைய. அங்கே பெண்கள் மறுக்கவில்லை. அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

என் ஆய்வு முழங்கால் வலிக்கான 12 வாரப் பயிற்சி. காலை ஆறு மணிக்கு, ஒரு மைதானத்தின் ஓரத்தில். முதல் வாரம் பெயர் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், நடைப்பயிற்சிக்கு எப்படியும் வருகிறவர்கள். பெண்களிடம் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்: "வீட்டுல கேட்டுட்டு வாறேன்." வீட்டில் அனுமதி கிடைக்காது போல என்றுதான் நினைத்தேன். ஒரு அக்காவிடம் உட்கார்ந்து பேசிய பிறகுதான் புரிந்தது. ஆறு மணிக்கு அடுப்பில் அரிசி கிடக்கும், ஏழரைக்கு அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்புத் தொழிற்சாலை) பஸ். யார் அடுப்பைப் பார்ப்பது என்பதைத்தான் அவர் வீட்டில் கேட்க வேண்டியிருந்தது.

இன்னொரு தடை மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை. அது தோலை ஒட்டி இருக்க வேண்டும். எங்கள் குழுவில் அதைக் கட்டிவிட்டது ஒரு ஆண். எந்தப் பெண்ணும் "அதனால்தான் வரவில்லை" என்று சொல்லவில்லை, வராமல் இருந்துவிட்டார்கள்.

நேரத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றினோம். இடம் சுய உதவிக் குழு கூடும் அறை. நானும் பெண் என்பதால், பட்டையைப் பெண்களுக்கு நானே கட்டினேன். சேலையோடு செய்ய முடியாத இரண்டு பயிற்சிகளை நாற்காலியில் உட்கார்ந்து செய்வதாக மாற்றினோம்.

முதல் ஞாயிறு கைப்பிடி வலு பார்க்கும் கருவியை அந்த அக்காவிடம் நீட்டினேன். அவர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "மக்ளே, கை கருத்துல்லா கெடக்கு, மிசின்ல பட்டுராதா?" அண்டித்தோட்டின் எண்ணெய் விரல் நுனிகளைக் கருக்கி, தோலையும் உரித்திருந்தது. கறை ஒட்டாது, ஒட்டினாலும் துடைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கையில் வைத்தேன். முதல் அழுத்தில் கருவி காட்டிய எண் அவ்வளவு அதிகம்; நம்பாமல் மறுபடி அழுத்தச் சொன்னேன். மூன்று முறையும் கிட்டத்தட்ட அதே எண். நாள் முழுக்கத் தோடு உடைக்கிற கை அது. அவர் பன்னிரண்டு வாரமும் வந்தார், பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்தது எங்கள் கன்னியாகுமரி மாவட்டம்; ஏறக்குறைய 92 சதவீதம். ஒப்புதல் படிவத்தை வரி வரியாக வாசித்து, "பாதியில நிறுத்தலாமா?" என்று என்னிடம் கேட்டவர்கள் பெரும்பாலும் பெண்களே. நிறுத்தலாம், அது அவர்கள் உரிமை. அதைக் கேட்ட பிறகுதான் பலர் கையெழுத்துப் போட்டார்கள்.

நீங்கள் ஆய்வு செய்யப் போகிறவர் என்றால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வராதவர்களின் காரணத்தையும் எழுதி வையுங்கள். முதல் மாதம் என் நோட்டில் ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு நேரேயும் "விருப்பமில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்கு அடுப்பும் பஸ்ஸும்தான் காரணம் என்று இப்போது கண்டுபிடிக்க வழியில்லை.