நாலு பேர், ஒரே கோப்பு

கேள்வி: கல்லூரி மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து கூகுள் டாக்ஸில் எழுதுவதை ஒரு பருவம் முழுக்கத் தொடர்ந்து பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. யார் எத்தனை சொல் எழுதினார்கள் என்று வாராவாரம் எண்ணி அட்டவணை போட்டால் போதும் என்கிறாள் தோழி. போதுமா மேடம்?

பதில்: போதாதும்மா. நானும் முதலில் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு குழுவில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே பெண்ணின் பெயரில் இருந்தது, பாவம் மற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று குறிப்பெழுதி வைத்துவிட்டு, அப்புறம் அவர்களிடமே கேட்டால், நாலு பேரும் போனில் பேசிப்பேசி வாக்கியம் வாக்கியமாக முடிவு செய்ததை அவள் தட்டச்சு செய்திருக்கிறாள், அவ்வளவுதான். இன்னொரு குழுவில் ஒரு பையன் புதிதாக எழுதியது இருபது சொல்கூட இருக்காது. ஆனால் நடுவில் கிடந்த ஒரு பத்தியைத் தூக்கி முதலில் வைத்தான், அதன் பிறகு மற்ற மூவரும் தங்கள் பகுதிகளை அதற்கேற்ப மாற்றி எழுதியிருக்கிறார்கள். அட்டவணையில் அவன் கடைசி!

சொற்களை எண்ணுவதோடு, ஒருவர் எழுதியதில் இன்னொருவர் கை வைக்கிறாரா என்று பாருங்கள். முதல் வாரங்களில் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள், ஆளுக்கொரு பகுதி பிரித்துக்கொண்டு பக்கத்து வீட்டு வேலி மாதிரி விலகியே நிற்பார்கள். பிறகு ஓரத்தில் 'இது சரியா?' என்று கருத்துப் போடுவார்கள். கேட்காமலே அடுத்தவர் வாக்கியத்தைத் திருத்துகிற நாள் எப்போது வருகிறது, வந்தபின் திருத்தப்பட்டவர் என்ன செய்தார், அப்படியே விட்டாரா, பழையபடி மாற்றினாரா, இல்லை எழுதுவதையே குறைத்துக்கொண்டாரா? அங்கேதான் உங்கள் ஆய்வு இருக்கிறது.

இதைப் படமாக்கவும் வழி உண்டு. 2004-ல் ஃபெர்னாண்டா வியேகாஸ், மார்ட்டின் வாட்டன்பர்க் என்ற ஆய்வாளர்களும் உடன் உழைத்தவர்களும் விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்குச் செய்ததைப் பாருங்கள். எழுதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், பதிப்புக்குப் பதிப்பு அந்த நிறம் எவ்வளவு தங்குகிறது, எங்கே அறுபடுகிறது என்பது பட்டை பட்டையாகத் தெரியும். உங்கள் ஐந்தாறு குழுக்களுக்கு வரைதாளும் கலர் பென்சிலுமே போதும், கிண்டல் இல்லை.

மொழி கற்றலை ஆராயும் நியோமி ஸ்டோர்ச் 2002-ல் வெளியிட்ட ஆய்வையும் படியுங்கள். ஆங்கிலம் கற்கும் பெரியவர்கள் பத்து ஜோடிகள், இணையத்தில் அல்ல, நேரில். சேர்ந்து யோசிக்கிற ஜோடி, இருவருமே விட்டுக்கொடுக்காத ஜோடி, ஒருவர் ஓட்ட மற்றவர் சும்மா வருகிற ஜோடி, தெரிந்தவர் சொல்லிக்கொடுத்து இழுத்துப் போகிற ஜோடி என்று நாலு வகை கண்டார். ஒருமுறை அமைந்த வகை நாள் போனாலும் பெரும்பாலும் மாறவில்லை என்கிறார். உங்கள் குழுக்களில் மாறுகிறதா என்று பார்ப்பதே நல்ல கேள்வி.

கேள்வி: பருவ முடிவில் எல்லாக் கோப்புகளையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாக ஆராயலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம். நகலில் எழுத்து வரும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று கோப்பு வைத்திருக்கிற பதிப்பு வரலாறு வராது. மூலக் கோப்பிலேயே உங்களுக்குத் திருத்தும் அனுமதி வேண்டும், வெறுமனே பார்க்கும் அனுமதியில் வரலாறு திறக்காது. அதிலும் சின்னச் சின்ன மாற்றங்களைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும், விரித்துப் பார்க்க மறக்காதீர்கள்.

கேள்வி: நான் மாணவன். நாங்கள் அழித்ததையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பது ஒட்டுக்கேட்பது போல இல்லையா?

பதில்: கேட்காமல் பார்த்தால் ஒட்டுக்கேட்பதுதான் தம்பி, சந்தேகமே இல்லை. எழுதத் தொடங்கும் முன்பே எதைப் பார்ப்பார்கள், யார் பார்ப்பார்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், மறுத்தால் மதிப்பெண்ணில் கை வைக்கக் கூடாது. பாடம் நடத்துகிறவரே ஆய்வாளராகவும் இருந்தால், யார் சம்மதித்தார்கள் என்பதையே மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். சம்மதித்த பிறகும் கூச்சம் போகாமல் தனிக் கோப்பில் எழுதி, மெருகேற்றி, மொத்தமாகக் கொண்டுவந்து ஒட்டுகிறவர்கள் உண்டு. வரலாற்றில் ஒரே நொடியில் முந்நூறு சொல் வந்து விழும். அதைப் பார்த்ததும் காப்பி அடித்தான் என்று முடிவுகட்டுகிற ஆய்வாளர்களிடம், எங்கே எழுதினாய் என்று முதலில் அவனைக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.