மகப்பேற்றால் வந்த பணி இடைவெளியும் ஆய்வு மானியமும்: அடுத்த விண்ணப்பத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். முனைவர் பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இடையில் இரண்டு பிரசவங்கள். செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பூச்சிக்கொல்லி எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய எஃப்.ஆர்.ஜி.எஸ் (மலேசிய உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு) மானியத்துக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. "முதன்மை ஆய்வாளரின் வெளியீடுகள் குறைவு", "தலைப்பு குறுகியது" என்று மதிப்பீட்டாளர்கள் எழுதியிருந்தார்கள். மூத்த பேராசிரியர் ஒருவரை முதன்மை ஆய்வாளராகப் போட்டால் கிடைத்துவிடும் என்கிறார்கள். பெண் என்பதால்தான் இப்படியா? அடுத்த சுற்றுக்கு என்ன செய்யலாம்?

பதில்: ஒரு விண்ணப்பம் தள்ளப்பட்டதை மட்டும் வைத்து அது பெண் என்பதால்தான் என்று யாராலும் சொல்லிவிட முடியாது. ஆனால் பாகுபாடு எந்த இடத்தில் நுழைகிறது என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். கனடாவின் சுகாதார ஆய்வு நிதி அமைப்புக்கு 2011 முதல் 2016 வரை வந்த 23,918 விண்ணப்பங்களை அலசி 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆய்வுத் திட்டத்தின் தரத்தை முதன்மையாகப் பார்த்த பிரிவில் பெண்களின் வெற்றி விகிதம் ஆண்களைவிட 0.9 விழுக்காட்டுப் புள்ளிதான் குறைவு. தலைமை ஆய்வாளர் எவ்வளவு பெரிய ஆள் என்பதை முதன்மையாகப் பார்த்த பிரிவில் அது 4 புள்ளி. அதாவது, அறிவியலை எடைபோடச் சொன்னபோது இடைவெளி சிறியது. ஆளை எடைபோடச் சொன்னபோது அது விரிந்துவிடுகிறது. ஸ்வீடனின் மருத்துவ ஆய்வு மன்றத்தில் ஆணுக்குக் கிடைத்த அதே தகுதி மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெளியீட்டுச் சாதனை காட்ட வேண்டியிருந்தது என்று 1997லேயே கண்டுபிடித்தார்கள்.

"வெளியீடுகள் குறைவு" என்ற குறிப்பு வந்திருப்பதும் ஆளை எடைபோடும் அந்த இடத்தில்தான். மதிப்பீட்டாளர் ஐந்து ஆண்டுகளை எண்ணியிருக்கிறார். மகப்பேற்றால் வேலை நின்ற இடைவெளியைக் கழிக்கவில்லை, கழிப்பதற்கு அவர் கையில் விவரமும் இல்லை. அதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இடைவெளிக்கென்று படிவத்தில் தனிக் கட்டம் இருந்தால் அங்கே எழுதுங்கள். இல்லையென்றால் ஆய்வாளர் அனுபவப் பகுதியின் முதல் வரியாக வையுங்கள். கடைசியில் ஒட்டினால் அதைப் படிப்பதற்குள் மதிப்பெண் விழுந்துவிடும்.

எழுதும் முறை இப்படி இருக்கலாம்: "மகப்பேறு காரணமாக 2021 ஜூன் – 2022 மார்ச், 2023 ஆகஸ்ட் – 2024 மே ஆகிய காலங்களில் (மொத்தம் 20 மாதங்கள்) களப்பணியும் ஆய்வகப்பணியும் நடைபெறவில்லை. செயல்பட்ட 40 மாதங்களில் 5 கட்டுரைகள். மூன்றில் முதல் ஆசிரியர்." அறுபது மாதத்துக்கு ஐந்து என்றால் ஆண்டுக்கு ஒன்று, நாற்பது மாதத்துக்கு ஐந்து என்றால் ஆண்டுக்கு ஒன்றரை. "குடும்பச் சூழலால் இயலவில்லை" போன்ற வாக்கியங்கள் வேண்டாம். தேதி, மாதக் கணக்கு, எந்த வேலை நின்றது, இவை போதும். மருத்துவ விவரம் தேவையே இல்லை.

விடுப்பு நாள்களை மட்டும் கழிப்பது பலரும் செய்யும் தவறு. 2023 ஜனவரி முதல் மலேசியச் சட்டப்படி மகப்பேறு விடுப்பு 98 நாள். இரண்டு பிரசவத்துக்கும் சேர்த்தால்கூட ஆறரை மாதம்தான். ஆனால் கர்ப்பமாக இருப்பவர் மருந்தடிக்கும் பகுதிக்குப் போகக்கூடாது, ஆய்வகத்தில் கரைப்பான்களோடு புழங்குவதையும் தவிர்க்க வேண்டும். ஆகவே உங்கள் ஆய்வு நின்ற காலம் விடுப்பைவிட நீளமானது. ஐரோப்பிய ஆய்வு மன்றம் தகுதிக்காலத்தைக் கணக்கிடும்போது குழந்தை ஒன்றுக்குத் தாய்க்கு 18 மாதம் கூட்டிக்கொடுத்ததும் இந்த உண்மையை ஏற்றுக்கொண்டுதான்.

அடுத்தது, "தலைப்பு குறுகியது". இதில் பாதி நியாயம் இருக்கிறது. எஃப்.ஆர்.ஜி.எஸ் அடிப்படை ஆய்வுக்கான மானியம். புதிய கோட்பாடு, புதிய அறிவு என்ன வரும் என்றுதான் கேட்கும். "கெடா தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நலம்" என்று தலைப்பிட்டால் கணக்கெடுப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள். மற்றொரு பாதி நியாயமில்லை. கேட்ஸ் அறக்கட்டளைக்கு வந்த 6,794 விண்ணப்பங்களைப் பெயரில்லாமல் மதிப்பிட்டபோதும் பெண்களுக்கு மதிப்பெண் குறைந்தது. பெண்கள் துறைக்குள் குறுகிய சொற்களையும் ஆண்கள் அகலமான சொற்களையும் அதிகம் பயன்படுத்தியது முக்கியக் காரணமாகத் தெரிந்தது. அகலமான சொற்களால் நிதி பெற்றவர்கள் பின்னால் கூடுதலாகச் சாதிக்கவும் இல்லை. அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தில் கறுப்பின ஆய்வாளர்களுக்கு நிதி குறைவதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சமூக அளவிலான தலைப்புகளை அவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பதோடு தொடர்புடையது என்று 2019இல் தெரியவந்தது. எளிய மக்களைப் பற்றிய ஆய்வு எளிதில் "குறுகியது" ஆகிவிடுகிறது.

அதற்காகத் தோட்டத்துப் பெண்களை விட்டுவிடாதீர்கள். தலைப்பில் பொறிமுறையை முன்னால் வையுங்கள், தோட்டத்தை ஆய்வுக்களமாகப் பின்னால் வையுங்கள்: "உடலளவும் பாதுகாப்பு உடையின் பொருத்தமும் தோல்வழி நச்சு உட்புகுதலை எவ்வாறு மாற்றுகின்றன: செம்பனைத் தோட்டத் தெளிப்பாளர்களிடம் ஓர் ஆய்வு." 16 லிட்டர் தெளிப்பான் எல்லார் முதுகுக்கும் ஒரே எடை. ஆனால் ஆண் கைக்கு வாங்கிய கையுறை சின்னக் கையில் தொளதொளவென்று நிற்கும். மணிக்கட்டு வழியே மருந்து உள்ளே இறங்கி, வெளியேற வழியின்றித் தோலோடு ஊறும். பெரிய முகமூடியின் ஓரத்தில் காற்று கசியும். கையுறை அளவையும் மணிக்கட்டு இடைவெளியையும் மாறிகளாகச் சேர்த்தால் பாலினம் என்பது ஒப்புக்குச் சேர்த்த பத்தியாக இல்லாமல் ஆய்வுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும்.

அளவீட்டில் இரண்டு இடங்களில் வழுக்கும். இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் நொதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது, அந்த நொதியை முடக்கும் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகளுக்கு மட்டுமே பொருந்தும். களைக்கு அடிக்கும் கிளைஃபோசேட், குளூஃபோசினேட் இரண்டுக்கும் அது எதையும் காட்டாது. பாராகுவாட்டுக்கும் அப்படித்தான் (அது மலேசியாவில் 2020 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது). முதலில் ஸ்டோர் பதிவேட்டைப் பார்த்து எந்த மருந்து அடிக்கிறார்கள் என்று உறுதிசெய்யுங்கள். இன்னொன்று: கர்ப்ப காலத்தில் பிளாஸ்மா கோலினெஸ்டரேஸ் இயல்பாகவே குறையும், கருத்தடை மாத்திரையும் குறைக்கும். இவற்றைக் குறித்துக்கொள்ளாவிட்டால் உடலின் இயல்பு மாற்றத்தை நச்சின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். ஒவ்வொருவருக்கும் மருந்து படாத காலத்தில் எடுத்த அடிப்படை அளவு வேண்டும். சிவப்பணு கோலினெஸ்டரேஸையும் சேர்த்துப் பாருங்கள். இந்த வரிகள் விண்ணப்பத்தில் இருந்தால் மதிப்பீட்டாளர் உங்கள் வெளியீட்டு எண்ணிக்கையைவிட உங்கள் தேர்ச்சியைப் பார்ப்பார்.

ஆண்–பெண் வேறுபாட்டைக் காட்டப்போவதாக எழுதினால் மாதிரி அளவையும் அதற்கேற்பக் கணக்கிடுங்கள். மருந்தின் விளைவு இரு பாலருக்கும் வேறுபடுகிறதா என்று சோதிக்க, அதே அளவுள்ள நேரடி விளைவைக் கண்டறியத் தேவைப்படுவதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆள்கள் வேண்டும். முப்பது ஆண், முப்பது பெண் என்று போட்டுவிட்டுப் பெரிய முடிவு சொல்வதாக எழுதினால் அங்கேயே அடிபடும். தெளிப்பு வேலையில் இப்போது வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளத்துத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். ஒப்புதல் படிவம் தமிழிலும் மலாயிலும் மட்டும் இருந்தால் அவர்கள் விடுபட்டுப்போவார்கள். பிரட்டுக் களத்தில் (காலையில் தொழிலாளர்களைக் கூட்டும் இடம்) மண்டோர் எனும் மேற்பார்வையாளர் கண்ணெதிரே ஒப்புதல் வாங்காதீர்கள், அது விருப்பமாக இருக்காது. பெண் ஆய்வு உதவியாளருக்கான சம்பளத்தை வரவு செலவுத் திட்டத்தின் வோட் 11000 (சம்பளத் தலைப்பு) என்பதிலும் களப் பயணத்தை 21000 (பயணத் தலைப்பு) என்பதிலும் இப்போதே காட்டுங்கள். பிறகு கேட்டால் சிக்கல்.

மூத்த பேராசிரியரை முதன்மை ஆய்வாளராகப் போடும் யோசனை வேண்டவே வேண்டாம். மானியம் அவர் பெயரில் பதிவாகும். அடுத்த முறை உங்கள் அனுபவப் பகுதி இன்னும் வெறுமையாக நிற்கும். அவரைத் துணை ஆய்வாளராக்கி, அவர் எதைச் செய்கிறார் என்று ஒரே வரியில் சொல்லுங்கள்: நச்சியல் பகுப்பாய்வு, அல்லது புள்ளியியல்.

இன்னொரு வேலை பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறது. விண்ணப்பம் வெளியே போவதற்கு முன் உள்வடிகட்டல் நடக்கும். அங்கே எத்தனை பெண்கள் நின்றுபோகிறார்கள் என்பது வெளியே தெரியாது. அயர்லாந்தின் அறிவியல் நிதி அமைப்பு, இளம் ஆய்வாளர் மானியத்துக்கு ஒரு நிறுவனம் 12 பேரை முன்மொழியலாம், அதில் ஆண்கள் ஆறு பேருக்கு மேல் கூடாது என்று விதி வைத்தது. பெற்றவர்களில் பெண்களின் பங்கு அதன்பின் பாதியை எட்டியது. மதிப்பீட்டு அளவுகோலைத் தளர்த்தவில்லை, வாசலைத்தான் அகலப்படுத்தினார்கள்.

உங்கள் ஆய்வு மேலாண்மை மையத்திடம் கடந்த ஐந்து ஆண்டுக் கணக்கை எழுத்தில் கேளுங்கள்: விண்ணப்பித்தோர், உள்தேர்வில் கடந்தோர், மானியம் பெற்றோர், தொகை ஆகிய நான்கும் பாலினம், பதவி நிலை, துறை வாரியாக. துறைவாரியாகக் கேட்பது முக்கியம். நெதர்லாந்தில் மொத்தக் கணக்கில் பெண்களுக்கு 14.9 விழுக்காடு, ஆண்களுக்கு 17.7 என்று தெரிந்தது. போட்டி கடுமையான துறைகளில் பெண்கள் அதிகம் விண்ணப்பித்ததே காரணமாக இருக்கலாம் என்று உடனே மறுப்பு எழுந்தது. மூன்று பெண்களில் ஒருவர் என்பது போன்ற சின்ன எண்களை வைத்து வழக்காடவும் வேண்டாம். ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். அடுத்த சுற்று திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே கடிதம் போனால், உள்தேர்வுக் குழுவை அமைப்பவர்கள் கையில் அந்தக் கணக்கு இருக்கும்.