வாசகர் கேள்வி – பதில்: எந்தப் பந்தயம், எந்த நாள்?

பழைய இத்தாலியப் பந்தயக் கார்களின் மொடல்களைச் செய்யும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்மாதம் பதில் தரப்படுகிறது.

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்): ஐயா, லான்சியா டி50 காரை 1/24 அளவில் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து நானே வெட்டிச் செய்து வருகிறேன். சில படங்களில் இரு பக்க எரிபொருள் தாங்கிகளும் உடலை விட்டு விலகித் தனியாக நிற்கின்றன. வேறு சில படங்களில் அந்த இடைவெளியே இல்லை. இரண்டுக்கும் டி50 என்றே பெயர் எழுதியிருக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், அவை வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்கள். விட்டோரியோ யானோ வடிவமைத்த இந்தக் கார் 1954 ஒக்டோபரில் ஸ்பானிய கிராண்ட் பிறியில் முதன்முதலாக ஓடியது. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவே, உடலுக்கு வெளியே, பக்கத்துக்கு ஒன்றாகத் தாங்கிகளை அவர் பொருத்தியிருந்தார். எரிபொருள் காரின் நடுப்பகுதியில் இருந்தபடியால், பந்தயம் நீள நீள அது குறைந்தாலும் முன்பின் பாரச் சமநிலை அதிகம் மாறவில்லை. 1955 மே 22 அன்று மொனாக்கோவில் அல்பேர்ட்டோ அஸ்காரி ஓட்டிய டி50 துறைமுகத்து நீரில் பாய்ந்தது. அவர் உயிர்தப்பினார்; ஆனால் நான்கு நாள்களின் பின்னர் மொன்சாவில் ஃபெராரி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டிப் பார்க்கையில் விபத்தில் இறந்துபோனார். ஏற்கனவே பணநெருக்கடியில் இருந்த லான்சியா நிறுவனம் அந்த யூலையிலேயே தன் பந்தயக் கார்களை ஃபெராரியிடம் ஒப்படைத்தது. ஃபெராரி எரிபொருளைக் காரின் வாற்பகுதிக்கு மாற்றி, பக்கத் தாங்கிகளுக்கும் உடலுக்கும் இடையிலிருந்த வெளியைத் தகடிட்டு மூடியது. 1956இல் ஃபாங்கியோ உலகப் பட்டம் வென்றது இந்த மாறிய உருவத்தில்தான்.

ஆகவே ‘டி50 செய்கிறேன்’ என்று தொடங்கினால் போதாது. எந்தப் பந்தயம், எந்த நாள், எந்த இலக்கமிட்ட கார் என்பதை முதலில் முடிவு செய்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கிடைக்கும் ஒவ்வொரு படத்தையும் அந்தத் தாளோடு ஒப்பிட்டு, பொருந்தாததை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். என்னைக் கேட்டால், அதே மொனாக்கோப் பந்தயத்தில் கஸ்டெலொட்டி இரண்டாவதாக முடித்த 30ஆம் இலக்கக் காரைச் சொல்வேன். யானோவின் எண்ணம் கலப்பில்லாமல் தெரிவது லான்சியாவின் கையில் இருந்த கார்களில்தான். அதில் தாங்கிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள வெளி வழியாகக் கீழே தரை தெரிய வேண்டும். தாங்கியைப் பிடிக்கும் தாங்குகம்பிகள் அந்த வெளியில் மெல்லியதாகக் குறுக்கே போக வேண்டும். பலர் அந்த இடத்தைக் கறுப்பு வர்ணத்தால் நிரப்பிவிடுகிறார்கள். அதைச் செய்தால் காரின் உயிரே போய்விடும். எஞ்சின் மூடியைத் திறந்து காட்டுவதாக இருந்தால், வி8 எஞ்சின் காரின் நடுக்கோட்டில் நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக வைக்கப்பட்டிருந்தது என்பதையும் கவனியுங்கள். பின்னால் போகும் சுழல்தண்டு ஓட்டுநரின் அடியில் போகாமல் பக்கமாக விலகிச் செல்வதற்காகவும், அதனால் அவர் தாழ்வாக அமர்வதற்காகவும் அப்படிச் செய்தார்கள்.

ரயர்களையும் பாருங்கள். லான்சியா பிரெல்லி ரயர்களைப் பயன்படுத்தியது. ஃபெராரிக்கோ எங்கில்பேர்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்தது. 1955 செப்டெம்பரில் மொன்சாவின் சாய்தளத்தில் எங்கில்பேர்ட் ரயர்கள் தாங்காதபடியால் டி50 கார்கள் பந்தயத்திலிருந்தே விலக்கப்பட்டன. ஒரு படம் எந்த ஆண்டினது என்று தெரியாதபோது ரயரின் பக்கச்சுவரில் உள்ள எழுத்து பெரும்பாலும் அதைக் காட்டிக் கொடுக்கும்.

அருங்காட்சியகக் கார்களை அளவுக்காகப் பாருங்கள். வர்ணத்துக்காகவும் சிறு உறுப்புகளுக்காகவும் பார்க்க வேண்டாம். எழுபது ஆண்டுகளில் அவை பலமுறை பழுதுபார்க்கப்பட்டு, மீண்டும் வர்ணம் பூசப்பட்டிருக்கும். பிற்காலத்தில் புதிதாகக் கட்டி எழுப்பப்பட்ட டி50 கார்களும் இன்று பழைய கார்ப் பந்தயங்களில் ஓடுகின்றன. தெளிவான வர்ணப் படங்களில் பல அவற்றினுடையவை.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): அல்ஃபா ரோமியோ பி2 காரின் 1924ஆம் ஆண்டுப் படங்களில் கார் கறுப்பாகவே தெரிகிறது. சிவப்புத்தானே இத்தாலியின் நிறம்?

பதில்: சிவப்புத்தான். அக்காலத்தில் பரவலாக இருந்த ஓர்த்தோகுரோமற்றிக் பிலிம் சிவப்பு ஒளியை உணராது. எனவே சிவப்புக் கார் அதில் ஏறக்குறையக் கறுப்பாகவும், பிரான்சின் நீலக் கார் இருக்க வேண்டியதைவிட வெளிறியும் பதிவாகும். கறுப்பு வெள்ளைப் படத்தின் சாயலை வைத்து நிறத்தின் ஆழத்தை ஒருபோதும் கணிக்க வேண்டாம். 1950களின் வர்ணப் படங்களிலும் எச்சரிக்கை தேவை. கொடாக்குரோம் பிலிம் இருட்டில் பத்திரமாக இருந்தால் நிறம் நன்றாக நிற்கும். வேறு பல பிலிம்கள் காலப்போக்கில் செம்மை ஏறிவிடும். படத்தில் உள்ள மெக்கானிக்கின் வெள்ளை மேலாடையைப் பாருங்கள். அது இளஞ்சிவப்பாக இருந்தால் காரின் சிவப்பையும் நம்ப முடியாது. எல்லா இத்தாலியக் கார்களும் எப்போதும் சிவப்பு என்பதும் இல்லை. 1964இல் மெக்சிகோவில் ஜோன் சேர்ட்டீஸ் உலகப் பட்டத்தை உறுதி செய்த ஃபெராரி வெள்ளையும் நீலமுமாக இருந்தது.

பி2 செய்பவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று முகப்பில் உள்ள சின்னம். அல்ஃபா ரோமியோவின் வட்டச் சின்னத்தைச் சுற்றியுள்ள வாகைமாலை, 1925ஆம் ஆண்டின் முதலாவது உலகக் கிண்ணத்தை பி2 வென்ற பிறகு சேர்க்கப்பட்டது. 1924 ஓகஸ்டில் லியோனில் கம்பாரி வென்ற காரைச் செய்கிறீர்கள் என்றால் மாலை இருக்கக்கூடாது. கடையில் கிடைக்கும் ஒட்டுச்சின்னங்களில் பெரும்பாலும் மாலை இருக்கும். கூர்க்கத்தியால் வெளிவளையத்தை வெட்டி நீக்கிவிடுங்கள்.

கேள்வி (தெஹிவளை வாசகர்): வரைபடம் கிடைக்காத காருக்குப் படத்திலிருந்து அளவெடுக்கலாமா?

பதில்: உறுதியாகத் தெரிந்த ஓர் அளவு இருந்தால் எடுக்கலாம். முன்சில்லின் மையத்திலிருந்து பின்சில்லின் மையம் வரையான தூரமே இதற்கு ஏற்றது. மசராட்டி 250எஃப் காருக்கு அது 2280 மில்லிமீற்றர். 1/24 அளவில் 95, 1/43 அளவில் 53 மில்லிமீற்றர் வரும். பக்கவாட்டில், தூரத்திலிருந்து எடுத்த படமாகத் தெரிவு செய்யுங்கள். கிட்ட நின்று எடுத்த படத்தில் மூக்கோ வாலோ ஊதித் தெரியும். நின்ற காரின் படமே நல்லது. பழைய பத்திரிகைக் கமராக்களில் திரை கீழிருந்து மேலாகவோ மேலிருந்து கீழாகவோ நகர்ந்து ஒளியை விடும். அதற்குள் கார் முன்னேறிவிடுவதால் சில்லுகள் சரிந்த முட்டை வடிவத்தில் பதிவாகும். எந்தப் படத்தை எடுத்தாலும் முதலில் ஒரு சில்லின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்தப் படத்தில் வேறு எதையும் அளக்க வேண்டாம்.

கேள்வி (மருதானை வாசகர்): கொழும்பில் இருந்துகொண்டு நம்பகமான படங்களை எங்கே தேடுவது?

பதில்: இத்தாலியின் இஸ்த்தித்துத்தோ லூச்சே ஆவணக் காப்பகத்தின் பழைய செய்திப்படங்களை இணையத்தில் பார்க்கலாம். ஓடும் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது, நிழற்படக்காரர்கள் அதிகம் எடுக்காத பின்புறமும் அடிப்பகுதியும் கிடைக்கும். அமெரிக்காவின் றெவ்ஸ் நிறுவனத்தினர் பெருந்தொகையான பந்தயப் படங்களை இணையத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். தூரினில் உள்ள தேசிய மோட்டார் கார் அருங்காட்சியகத்திலும், அரேசேயில் உள்ள அல்ஃபா ரோமியோ அருங்காட்சியகத்திலும் ஆவண நிலையங்கள் உண்டு. அவர்களுக்கு எழுதும்போது ‘இந்தக் காரைப் பற்றிய விவரங்கள் அனைத்தும் வேண்டும்’ என்று கேட்காதீர்கள். காரின் பெயர், பந்தயம், திகதி, இலக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, நீங்கள் ஏற்கனவே கண்டுபிடித்த படத்தையும் இணைத்து, தீராத ஒரு சந்தேகத்தை மட்டும் எளிய இத்தாலிய மொழியில் கேளுங்கள். இத்தகைய கேள்விக்கு ஆவணப் பொறுப்பாளர் கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தே பதில் தர முடியும். பொதுவான கேள்விக்கோ அச்சிட்ட கைநூல்தான் வரும். வரும் படத்தின் பின்பக்கத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். திகதியும் இடமும் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.