ஏர் ப்யூரிஃபையர் ஓடியும் பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூசி) குறையவில்லையா?
12க்கு 12 அடி அறை, 10 அடி உயரம். ஸ்லீப் மோடில் இரவு முழுக்க ஓடியும் பிஎம் 2.5 மீட்டர் 90-க்குக் கீழே இறங்கவில்லை என்கிறீர்கள். முதலில் மூடியைக் கழற்றி, ஃபில்டரின் பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், அடிக்கடி நடப்பதுதான்.

உறை இல்லையென்றால் கணக்குக்கு வருவோம். உங்கள் அறை சுமார் 41 கன மீட்டர். மணிக்கு 5 முறை காற்று சுத்தமாக, மணிக்கு 205 கன மீட்டர் சிஏடிஆர் (ப்யூரிஃபையர் தரும் சுத்தமான காற்றின் அளவு) வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் முழு வேகத்துக்கானது. ஸ்லீப் மோடில் பெரும்பாலும் பாதிகூடத் தேறாது. படுப்பதற்கு அரை மணி முன்பே கதவைச் சாத்தி முழு வேகத்தில் ஓட்டுங்கள், பிறகு நடு வேகம். கதவின் அடி இடுக்கையும் அடையுங்கள்.

பக்கத்தில் அல்ட்ராசோனிக் ஹ்யூமிடிஃபையர் (நீரைப் பனிபோலத் தெளித்து ஈரப்பதம் கூட்டும் கருவி) இருந்தால் அணைத்துப் பாருங்கள். அதன் நீர்த்துளியையும் மீட்டர் தூசியாகவே எண்ணும். ப்யூரிஃபையரில் அயனைசர் (காற்றில் மின்னூட்டம் ஏற்றும் வசதி) பட்டன் இருந்தால் அதுவும் வேண்டாம், நுரையீரலுக்குக் கெடுதலான ஓசோன் வரலாம்.