கேன்வாஸ்ல போட்டோ பிரிண்ட் போட்டா மை ஏன் வழியுது?

கேள்வி: ஓவியம் வரையுற கேன்வாஸ் துணிய ஏ4 சைஸுக்கு வெட்டி, வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்ல அம்மா அப்பாவோட பழைய கல்யாண போட்டோவ போட்டேன். மை காயவே மாட்டேங்குது, விரல் பட்டா இழுத்துக்கிட்டு வருது, ஓரத்துல கருப்பு கோடு வேற. பிரிண்டர் போச்சா?

பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க. கோளாறு துணியில. ஓவிய கேன்வாஸ்ல இருக்குற வெள்ளைப் பூச்சு பெயிண்ட்டுக்குன்னு போட்டது, பெயிண்ட் கெட்டியா மேல உக்காந்து காஞ்சிடும், ஆனா இங்க்ஜெட் மை தண்ணி மாதிரி, அத உறிஞ்சிப் பிடிச்சுக்க வேற பூச்சு வேணும், அது இல்லன்னா மை மேலயே நின்னு வழியத்தான் செய்யும். அதனால இங்க்ஜெட் கேன்வாஸ்னு சொல்லியே கேட்டு வாங்குங்க. அதுலயும் ஒரு பக்கம்தான் பூச்சு இருக்கும். எந்தப் பக்கம்னு தெரியலன்னா விரல் நுனிய லேசா ஈரமாக்கி ஓரத்துல தொட்டுப் பாருங்க, பிசுபிசுன்னு ஒட்டுற பக்கம்தான் நமக்கு வேண்டியது.

அந்தக் கருப்பு கோடு, பிரிண்ட் ஹெட் (மை தெளிக்கிற பாகம்) துணிய உரசுனது. சாதா பேப்பர் 0.1 மிமீ, கேன்வாஸ் கிட்டத்தட்ட 0.4, 0.5 மிமீ இருக்கும், ஓரம் கொஞ்சம் சுருண்டு தூக்கிக்கிட்டு இருந்தாலே ஹெட்டுல பட்டுடும். முதல்ல துணிய எதிர்ப்பக்கமா சுருட்டி வச்சு நேராக்குங்க, அப்புறம் பின்பக்க ஃபீடர்ல ஒவ்வொண்ணா விடுங்க (கீழ் ட்ரேல வச்சா உள்ள வளைஞ்சு திரும்பும்போது சிக்கிக்கும்), செட்டிங்ஸ்ல தடிமன் பேப்பர்னு இருந்தா ஆன் பண்ணுங்க, பேப்பர் வகை மேட்னு (பளபளப்பு இல்லாதது) வைங்க. விடுறதுக்கு முன்னாடி மெத்து பிரஷ்ஷால ஒரு தடவ தட்டி விடுங்க. ஒரு குட்டி நூல் துணுக்கு ஒட்டிக்கிட்டு இருந்தா மை அது மேல விழும், காஞ்சப்புறம் துணுக்கு உதிரும், மூக்கு மேலயே ஒரு வெள்ளைப் புள்ளி நிக்கும். பார்க்கவே வயிறெரியும்.

ரெசல்யூஷன் பத்தி ரொம்ப யோசிக்க வேணாம், துணியோட நெசவு நிறைய மறைச்சிடும், இஞ்ச்சுக்கு 200 பிக்சல் தாராளம். ஆனா இருட்டான இடத்தக் கவனிங்க. மேட் கேன்வாஸ்ல கருப்பு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும், பழைய போட்டோல தலைமுடியும் பின்னாடி சுவரும் தனித்தனியா தெரியாது, அதனால எடிட்டிங்ல ஷேடோவ, அதாவது இருட்டான பகுதிய, கொஞ்சம் வெளிச்சமாக்கி ஒரு சின்ன துண்டுல டெஸ்ட் எடுத்துட்டு முழுசா போடுங்க.

நிறைய பேர் கோட்டை விடுறது சைஸ்லதான். ஏ4ங்கிறது 8.27க்கு 11.69 இஞ்ச். முக்கால் இஞ்ச் மரச்சட்டத்துல இழுத்துக் கட்டணும்னா பக்கவாட்டுக்கு முக்கால், பின்னாடி பின் அடிக்க முக்கால், ஆக ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை இஞ்ச் போயிடும், முன்னாடி தெரியப்போற படம் சுமார் 5.3க்கு 8.7 இஞ்ச்தான். முகம் ஓரத்துல இருந்தா மடிப்புல போயிடும், அதுக்கு ஓரத்து ஒன்றரை இஞ்ச்சுக்கு படத்தையே கண்ணாடி பிம்பமா திருப்பி நீட்டிக்கலாம். என்னக் கேட்டா இவ்ளோ சின்னதுக்கு சட்டமே வேணாம், கெட்டியான பலகையில ஒட்டிட்டா முழு ஏ4ம் கிடைக்கும்.

போட்டு முடிச்சதும் 24 மணி நேரம் அப்படியே கிடக்கட்டும், அப்புறம் வார்னிஷ். இங்க உங்க மை எதுன்னு தெரிஞ்சுக்கணும். டை மைன்னா (சாயம் கரைஞ்ச மை) தண்ணி கலந்த வார்னிஷ பிரஷ்ஷால தடவவே கூடாது, மொத்தமும் கரைஞ்சு ஓடிடும், சால்வென்ட் வகை ஸ்ப்ரேதான், அதையும் காத்தோட்டமான இடத்துல மெல்லிசா ரெண்டு மூணு கோட்டிங். பிக்மென்ட் மைக்கு (கரையாத நிறத்தூள் கலந்த மை) இந்த பயம் குறைவு, சீக்கிரம் வெளுக்கவும் செய்யாது. எந்த மையா இருந்தாலும் சட்டத்துல கட்டுறதா இருந்தா வார்னிஷ் நல்லா காஞ்சப்புறமா மடிங்க, வெறும் பிரிண்ட்ட மடிச்சா மடிப்புல மை வெடிச்சு வெள்ளை வெள்ளையா கோடு விழும்.