கல்லோடு வந்த புழு

கேள்வி: ஐயா, ஆறு மாதங்களுக்கு முன் 3 அடி நீளத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்று அமைத்தேன். கொழும்பில் வாங்கிய கல்லும் சில பவளத் துண்டுகளும் அதில் இருக்கின்றன. கடந்த வாரம் இரவு ரோச் லைற் அடித்துப் பார்த்தால் கோமாளி மீன் செத்துக் கிடக்கிறது. மயிர்க்கொட்டி போன்ற நான்கைந்து இளஞ்சிவப்புப் புழுக்கள் அதைத் தின்றுகொண்டிருந்தன. கண்ணாடியில் சின்ன வெள்ளைச் சுருள்களும் கல்லின் துவாரத்தில் நூல் போன்ற ஏதோவும் தெரிகின்றன. கல்லை எடுத்து அவித்துவிட்டு மறுபடி வைக்கலாமா? முதல் நாள் இரவு ஐந்து மணிநேரம் மின்சாரம் இல்லாததைத் தவிர, நான் வேறெந்தக் குறையும் வைக்கவில்லை.
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, அடுப்பை மூட்டிவிடாதீர்கள். புழுவைவிட அதுதான் ஆபத்து. பொத்தான்களைக் கொட்டிவைத்தது போலக் கூட்டமாக வளரும் சில உயிர்கள் கல்லோடு ஒட்டியிருக்கலாம். அவற்றில் சிலவற்றில் பாலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. 1971இல் ஹவாயில் பிரித்தெடுத்தார்கள். கொதிநீர் அதை அழிப்பதில்லை, ஆவியோடு வீட்டுக்குள் பரப்பிவிடும். அந்த ஆவியைச் சுவாசித்து, மூச்சுத் திணறலும் காய்ச்சலுமாக வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

இனி கொலை வழக்கு. குற்றவாளியின் பெயரை உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பம்ப் ஐந்து மணிநேரம் நின்றால் நீரில் ஒட்சிசன் குறைந்துபோகும். மீன் அதனால் செத்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். புழு செத்தவீட்டுக்கு வந்தது, அவ்வளவுதான். அது வந்து தின்றிராவிட்டால் பிணம் கல்லிடுக்கில் அழுகி, அமோனியா ஏறி, மிச்சமிருந்த உயிர்களும் போயிருக்கும். அடுத்த மீனை வாங்குமுன் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கிவையுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது முட்புழு. மண்புழுவின் கடல் உறவுக்காரன். பகலில் கல்லுக்குள் கிடக்கும். இரவில் வெளியே வந்து மிச்ச உணவையும் கழிவையும் தின்னும். பவளம் தின்னும் தீப்புழு என்று ஒன்று இருப்பது உண்மைதான், ஆனால் அது அத்திலாந்திக், மத்தியதரைக் கடல்களுக்கு உரியது. உங்கள் தொட்டியில் முட்புழு பெருகினால் தீனி போடும் கை தாராளம் என்று பொருள். மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவோடு நிறுத்திப் பாருங்கள், தொகை தானாகக் குறையும். அதற்கும் பொறுமை இல்லையென்றால், சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் துளையிட்டு, இறால் துண்டைப் போட்டு இரவில் மணலில் கிடத்துங்கள். விடியுமுன் எடுத்தால் உள்ளே இருப்பார்கள்.

வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள். பம்பைக் கழுவும்போது நான் ஒருமுறை தொட்டேன். கண்ணுக்குத் தெரியாத முட்கள் விரலில் ஏறி இரண்டு நாள் சோறு பிசைய முடியவில்லை. வீட்டுக்காரிக்கு ஒரே சிரிப்பு. தேய்க்காமல் ஒட்டுநாடாவை அழுத்தி இழுத்தால் பெரும்பாலான முட்கள் வந்துவிடும். பிறகு வினாகிரி தடவினேன், எரிச்சல் குறைந்தது.

வெள்ளைச் சுருள்களும் புழுக்களின் கூடுகளே. உள்ளே இருப்பவை நீரை வடித்துத் தின்னும் சாதுக்கள். நூல் போலத் தெரிபவை இன்னொரு புழுவின் உணர்விழைகளாக இருக்கலாம். மணலில் படியும் துணுக்குகளை அவை பொறுக்கும். இருவரையும் விட்டுவிடுங்கள்.

பயப்பட வேண்டியவனின் அடையாளம் வேறு: எண்ணெய் படிந்தது போல் பலநிறம் மின்னும் உடல், தலையில் ஐந்து உணர்கொம்புகள், பலமான தாடை. 2009இல் இங்கிலாந்தின் நியூகீ நகரக் காட்சித் தொட்டியில் பவளங்கள் இரவோடிரவாக வெட்டுப்பட்டன. தூண்டில் வைத்தார்கள், நரம்பையே கடித்து அறுத்துவிட்டது. கடைசியில் கற்களை ஒவ்வொன்றாக எடுத்தபோது 4 அடிப் புழு ஒன்று அகப்பட்டது. உங்கள் தொட்டியில் பவளம் வெட்டுப்படுகிறதா? இல்லையென்றால் நிம்மதியாக உறங்குங்கள். வெட்டுப்பட்டால் அது ஒளிந்திருக்கும் கல்லை மட்டும் எடுத்து வேறு வாளியில் வையுங்கள்.

துரு நிறத்தில், சில மில்லிமீற்றர் நீளத்தில், வால் பிளந்த தட்டைப்புழுக்கள் கண்ணாடியில் அப்பினால் அவற்றையும் விடக்கூடாது. மருந்து போட்டு ஒரேயடியாகக் கொல்லாதீர்கள். கூட்டமாகச் சாகும்போது அவை கக்கும் நஞ்சு மீனைக் கொல்லும். மெல்லிய குழாயால் நாளுக்குக் கொஞ்சமாக உறிஞ்சி எடுங்கள். எடுத்த நீரை நந்திக்கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அங்கே கொண்டுபோய் ஊற்றாதீர்கள். எங்கிருந்தோ வந்த உயிர் அதற்கு வேண்டாம். வெயில் படும் மணலில் ஊற்றிக் காயவிடுங்கள்.