இன்சார்ஜ் சரி, ஆர்டர் எங்கே?

கேள்வி: ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருடமாக ஆபரேஷன்ஸ் இன்சார்ஜாக இருக்கிறேன். எனக்குப் பின்னால் சேர்ந்த ஆண் மேனேஜராகிவிட்டார். என்னைப் பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள். பெண்களுக்கு மட்டும் ஏன் இப்படி?
- வாசகி, சித்தூர்

பதில்: பொறுமையை விடுங்கள். அந்த ‘இன்சார்ஜ்’தான் என் கண்ணை உறுத்துகிறது. ஆர்டர் கையில் இருக்கிறதா? எந்தத் தேதியிலிருந்து, எந்தெந்தப் பிரிவு, எத்தனை ரூபாய் வரை கையெழுத்துப் போடலாம், அலவன்ஸ் எவ்வளவு? இவை எழுத்தில் இல்லையென்றால் எச்.ஆர். ஃபைலில் நீங்கள் இன்னும் பழைய எக்ஸிகியூட்டிவ்தான். பதவி உயர்வுக்கு ஃபைலைத்தான் புரட்டுவார்கள். வாய்வார்த்தையில் வருடக்கணக்காக வேலை வாங்கும் இந்தப் பழக்கத்தை எத்தனை முறை கண்டித்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

அடுத்தது, துறை. பெண்களுக்கு க்வாலிட்டி, பேஷன்ட் ரிலேஷன்ஸ், நர்சிங் அலுவலகம். ஆண்களுக்கு பர்ச்சேஸ், ஃபைனான்ஸ், ப்ராஜெக்ட். யூனிட் ஹெட் ஆக்கும்போது ‘எவ்வளவு பட்ஜெட் பார்த்தீர்கள்?’ என்பார்கள். மருத்துவமனையின் தரத்துக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச். ஆடிட்டுக்கு ராப்பகலாக உழைத்தவரிடம் காட்ட ரூபாய்க் கணக்கு இருக்காது. ஆகவே இன்சூரன்ஸ் டெஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். பெயர் எத்தனை மாறினாலும் உங்கள் பக்கம் ஆரோக்கியஸ்ரீ என்றே வழங்கும் ஆந்திர அரசின் மருத்துவ உதவித் திட்டத்தையும் சேர்த்துத்தான். முன் அனுமதி தாமதம், டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும் ஒத்துப்போகாதது, ஸ்கேன் ரிப்போர்ட் விடுபடுவது என்று க்ளெய்ம் நிற்கும். மாதாமாதம் நின்ற தொகை எவ்வளவு, நீங்கள் மீட்டது எவ்வளவு என்று குறித்து வையுங்கள்.

‘பாதுகாப்பு’ என்று சொல்லி, உங்களைக் கேட்காமலே நைட் டியூட்டி பட்டியலிலிருந்து பெயரை எடுத்திருப்பார்கள். பின்னால் ‘ராத்திரி அனுபவம் இல்லை’ என்று அதையே குறையாக்குவார்கள். வண்டியும் ஓய்வறையும் கேளுங்கள், விலக்கு வேண்டாம். பேறுகால விடுப்பு, 2017 திருத்தத்துக்குப் பின், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். ஆண்டு மதிப்பீட்டில் அதையும் கணக்கிட்டு ‘சராசரி’ போட்டால் உயர்வு தள்ளிப்போகும். வேலை பார்த்த மாதங்களை மட்டும் மதிப்பிடும்படி, விடுப்பில் போகுமுன்பே எழுதி வாங்குங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி இத்துறை ஊழியர்களில் 70 சதவீதம் பெண்கள். உயர் பொறுப்புகளில் 25 சதவீதம்தான். உங்களுக்குப் பக்கத்து வேலூரில், 1918இல் பெண்களுக்கென்றே தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய இயக்குநர் ஹில்டா லாசரஸ், விசாகப்பட்டினத்தில் பிறந்தவர். அத்தனை பெரிய நிறுவனத்தை அவ்வளவு தூரத்திலிருந்து வந்து நடத்திய பெண்மணி. திறமையில் சந்தேகம் கிளப்புகிறவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லுங்கள்.

ஆர்டர் கேட்கும் கடிதத்தை எச்.ஆருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, மெடிக்கல் டைரக்டருக்கும் நகல் போடுங்கள். இந்த வாரமே.